பதிவேட்டுக்குக் காவல் யார்?

(புதுச்சேரியில் அரசாங்க ஊழியர்களிடையே நிகழ்த்திய உரை)



பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் நம் மேரியில் பிறப்பு, கலியாணம், இறப்பு எல்லாவற்றுக்கும் பதிவேடு உண்டு. இரண்டு பிரதி எழுதுவார்கள். ஒன்று மேரியில், மற்றொன்று கோர்ட்டில். காலனி என்பதால் மூன்றாவது பிரதி கப்பலேறிப் பிரான்சுக்குப் போயிற்று. அவன் தன் ஆட்சிக்காகச் செய்த காரியந்தான். ஆனாலும் ஒரு கட்டடம் தீப்பிடித்தால் ஜனங்களின் பிறப்பும் சேர்ந்து எரிந்துபோகக் கூடாது என்கிற புத்தி அதில் இருந்தது.

இன்று ரேஷன் அட்டை, முதியோர் பென்சன், பட்டா, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. மூன்று மாநிலங்களுக்கு நடுவே நான்கு துண்டாகக் கிடக்கும் நமக்கு இது நல்லதே. ஏனாமில் இருக்கும் கிழவி ஒரு சான்றிதழுக்காக இவ்வளவு தூரம் வர வேண்டாம். முன்னொரு காலத்தில் வேலை பறிபோகும் என்று நம் சங்கங்கள் கம்ப்யூட்டரை எதிர்த்துப் போராடியதுண்டு. அந்தப் பயம் பொய்யுமல்ல. ஆனால் இன்றைய விஷயம் வேறு. இந்தப் பதிவேட்டுக்குக் காவல் யார்?

டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் 2022 நவம்பர் 23 அன்று நடந்ததைப் பாருங்கள். கோப்புகளைப் பூட்டிவிடும் நச்சு நிரல் ஐந்து சர்வர்களில் புகுந்தது. ஏறத்தாழ 1.3 டெராபைட் தகவல் முடங்கியது. இரண்டு வார காலம் சீட்டெழுதுவதும் படுக்கை ஒதுக்குவதும் கையாலேயே நடந்தன. எங்கெங்கிருந்தோ ரயிலேறி வந்த ஏழை நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். வலைப்பின்னல் சரியாகப் பிரித்து வைக்கப்படவில்லை என்று பிறகு பார்லிமெண்டில் மந்திரியே ஒப்புக்கொண்டார். அதாவது, வீட்டுக்குள் அறைக்கு அறை கதவே இல்லை. வாசலில் நுழைந்தவன் அடுக்களை வரை போய்விட்டான்.

கூடங்குளத்தில் 2019ல் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கம்ப்யூட்டர் ஒன்றில் நச்சு நிரல் புகுந்தது. உலையை இயக்கும் வலை தனியாக இருந்ததால் அங்கே அது எட்டவில்லை என்றார்கள். இங்கே கதவு இருந்தது, நல்லது. ஆனால் செய்தி வெளிவந்ததும் முதலில் என்ன சொன்னார்கள்? அப்படி எதுவும் இல்லை என்றார்கள்! மறுநாள், அக்டோபர் 30 அன்று, உண்மைதான் என்றார்கள்.

இந்த ஆயுதங்களில் சில எங்கே தயாராகின்றன என்பதையும் மறக்க வேண்டாம். 2017 மே மாதம் 150 நாடுகளைத் தாக்கிய ‘வான்னாக்ரை’யின் திறவுகோல், அமெரிக்க உளவு ஸ்தாபனம் செய்து ரகசியமாக வைத்திருந்து களவு கொடுத்தது. பிரிட்டனில் பொது ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஆந்திரத்தில் போலீஸ் கம்ப்யூட்டர்களும் விழுந்தன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. அதைப் போட ஆள் இல்லாத இடங்களே பெரும்பாலும் மாட்டிக்கொண்டன.

ஆள் என்றதும் நினைவு வருகிறது. ஓர் அலுவலகத்துக்கு மனுவோடு போயிருந்தோம். கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தது. கேட்டால், “நாங்க நாலு பேரும் காண்ட்ராக்ட் தோழர், நாலு பேருக்கும் ஒரே கடவுச்சொல்தான்” என்றாள் அந்தப் பெண். அவளைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பயிற்சியும் கிடையாது, அடுத்த மாதம் வேலை உண்டா என்பதும் தெரியாது. நாளை ஏதாவது நடந்தால் முதல் நோட்டீஸ் அவளுக்குத்தான் போகும்; டெண்டர் எடுத்தவனுக்குப் போகாது.

சர்க்கார் பார்லிமெண்டில் தந்த கணக்குப்படி, அரசாங்க ஸ்தாபனங்கள் சம்பந்தப்பட்ட சம்பவங்கள் 2021ல் 48,285. 2023ல் 2,04,844. இவற்றைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ‘சர்ட்-இன்’னை அதே 2023 நவம்பரில் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். நம் விவரம் திருடு போனதா என்று கேட்கக்கூட நமக்கு வழியில்லை. இது பந்தோபஸ்தா, வெட்கத்தை மறைக்கும் திரையா?

ஆகவே நாம் கேட்பது இவைதான். ஒவ்வொரு துறையின் வலையும் பிரித்து வைக்கப்பட வேண்டும். வலையோடு ஒட்டாத பிரதி வேறொரு இடத்தில் இருக்க வேண்டும். அதைத் திருப்பி எடுக்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும். தலைக்கொரு கடவுச்சொல், பயிற்சி பெற்ற நிரந்தர ஊழியர். தணிக்கையின் முடிவு சட்டசபைக்கு வர வேண்டும். விவரம் கசிந்தால் உரியவருக்கு உடனே சொல்ல வேண்டும்.

மனு தயாராக இருக்கிறது. கையெழுத்துப் படிவங்கள் வாசலில் தோழர்களிடம் உள்ளன. காண்ட்ராக்ட் ஊழியர்களிடம் முதலில் கொண்டுபோங்கள். பெயர் போட அஞ்சுகிறவர்களை வற்புறுத்த வேண்டாம்.