சிரக்கூசா நகரின் பேராலயம்



கைதியாக உரோமைக்குச் சென்ற புனித சின்னப்பர் வழியில் மூன்று நாள் தங்கிய துறைமுகம் சிரக்கூசா. சிசிலித் தீவின் கீழ்க்கரையில் உள்ள அந்நகருக்குச் சென்றால், பேராலய முகப்பைப் படம் பிடித்ததோடு திரும்பிவிடாதீர்கள். முகப்பு அழகுதான், ஆனால் அது 1693ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின், 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது. இடப்பக்கத்துத் தெருவில் நுழைந்து மதிலைப் பாருங்கள். சுவருக்குள் பருத்த கிரேக்கத் தூண்கள் புதைந்து நிற்கும்!

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அத்தேனா தேவதைக்குக் கட்டிய கோவில் அது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் அதைக் கிறிஸ்தவ ஆலயமாக்கியவர்கள் தூண்களை இடித்துத் தள்ளவில்லை. இடைவெளிகளைக் கல் வைத்து அடைத்தார்கள். உள்ளறைச் சுவர்களில் வளைவுகளைக் குடைந்து நடுக்கூடம் ஆக்கினார்கள்.

பழைய கோவிலை இடித்தால்தான் புதுக் கோவில் எழும் என்று வாதாடுவோர் நம்மிடையேயும் உண்டு. நூறாண்டுச் சுவர் தாங்காதாம். அங்கே 2,400 ஆண்டுகளைக் கடந்த தூண்கள் நிற்கின்றனவே! (அந்தச் சுண்ணாம்புக் கல் வேறு, நம் செங்கல் வேறு, சரிதான். ஆயினும் கடப்பாரையை எடுக்குமுன் நல்ல பொறியாளர் ஒருவரைக் கேட்கலாமே.)

உள்ளே வலப்புறம் அவ்வூர்ப் பெண்ணான புனித லூசியம்மாளின் சிற்றாலயம். அவருடைய வெள்ளிச் சுரூபம் டிசம்பர் 13இல் பவனி வரும். முடிந்தால் அந்த நாளில் போங்கள்.