சொல்லும் கொடையும்
(திருக்குட நன்னீராட்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் சுருக்கம்)



மாந்தர் பெற்ற பேறுகளுள் சொல் தலைசிறந்தது. திருக்கோயில் வழிபாட்டிற் சொல்லின் துணையின்றி நடைபெறுவது மிகச் சிறிதே. மந்திரமும் சொல், பதிகமும் சொல், அருச்சனையும் சொல், அடியவர் நேர்ந்துகொள்ளும் நேர்த்தியும் முதற்கண் சொல்லேயாம்.

இத்தகைய சொல்லுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. மொழி, உரை, கிளவி, கூற்று, மாற்றம், வாசகம், வாக்கு என அவை விரியும். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலுக்குக் கிளவியாக்கம் என்றே பெயரிட்டார். நம்மாழ்வார் அருளிச்செயல் திருவாய்மொழி. மணிவாசகர் அருளியது திருவாசகம். திருமூலர் அருளியது திருமந்திரம். மூன்றும் சொல்லின் பெயராலேயே விளங்குதல் கருதத்தக்கது.

ஒரு பொருள் குறித்த பல சொற்களாயினும், ஒவ்வொன்றும் தனக்கெனச் சில பொருள் உடையது. உரைத்தல் என்பது சொல்லுதல். பொன்னைக் கல்லில் தேய்த்து மாற்றுக் காண்டலும் உரைத்தலே. பகர்தல் சொல்லுதலேயன்றி விற்றலையும் குறிக்கும். நவிலுதல் என்பதிற் பலகாற் பயிலுதல் என்னும் பொருளும் உண்டு. விளம்புதல் சொல்லுதலாம், நாஞ்சில் நாட்டில் இலையில் உணவு பரிமாறுதலும் விளம்புதலே. மாற்றம் என்பதற்குச் சொல் என்பதும் வேறுபாடு என்பதும் பொருள். சிவபுராணத்தில் இறைவன் மாற்றத்தையும் மனத்தையும் கடந்து நின்றவனாகப் போற்றப்பெறுமிடத்து, அது சொல்லையே குறித்து நின்றது.

சொல்வோர் நிலைக்கேற்பவும் பெயர் வேறுபடும். உயர்ந்தோர் கூறுவது பணித்தல். இறைவன் கூறுவது அருளுதல். அடியவர் இறைவன் திருமுன் கூறுவது விண்ணப்பம். ஒரு பொருளை வேண்டுங்கால், தாழ்ந்தோன் ஈ என்றும், ஒத்தோன் தா என்றும், உயர்ந்தோன் கொடு என்றும் கூறுதல் மரபென இலக்கணம் வகுத்தது. ஆண்டவன் திருமுன் எவரும் ஈ என்று இரத்தற்கு உரியரேயன்றிக் கொடு என்று பணித்தற்கு உரியரல்லர்.

விண்ணப்பம் என்னும் இச்சொல் கல்லிலும் நின்று விளங்குகின்றது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய முதலாம் இராசராசன் 48 பேரையும், அவர்களுக்குத் துணையாக உடுக்கை வாசிப்பார் ஒருவரையும் கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் அமர்த்தினான். ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளக்கப்பெற்றது. சொல் என்பதற்கு நெல் என்றும் ஒரு பொருள் உண்டு. நெல் உடலை வளர்ப்பது. சொல் உயிரை வளர்ப்பது. அம்மன்னன் நெல் அளந்து சொல்லை வாழ்வித்தான்.

அக்கோயிற் கல்வெட்டே மற்றொன்றும் உணர்த்துகின்றது. 1010-ஆம் ஆண்டளவில், தன் ஆட்சியின் 26-ஆம் யாண்டில், தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கையார் கொடுத்தவற்றையும், தேவியர் கொடுத்தவற்றையும், ஏனையோர் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டுமாறு அரசன் வாய்மொழியாக ஆணையிட்டான். அவ்வாணையைக் கல்வெட்டு திருவாய்மொழிதல் என்றே சுட்டும். வாயினின்று பிறந்த சொல் காற்றோடு போகாமல் கல்லில் ஏறியது. பேரரசன் கொடையும் பெயர் தெரியாதார் கொடையும் ஒரே ஆணையில் இடம்பெற்றன என்பது இன்றைய கொடையாளர் நெஞ்சிற் கொள்ளத்தக்கது.

இனி, நேர்தல் என்னும் சொல்லை நோக்குக. அதற்கு உடன்பட்டுச் சொல்லுதல் என்பதும் பொருள். கொடுத்தல் என்பதும் பொருள். சொல்லும் கொடையும் ஒரு சொல்லிலேயே பொருந்தி நிற்கின்றன. வாக்குக் கொடுத்தல் என்னும் வழக்கும் இதுபற்றியதே. கொடுத்த வாக்கு கொடுத்தவர்க்கு உரியதன்று, பெற்றவர்க்கு உரியது. நோயுற்ற குழந்தையின் பொருட்டு ஓர் ஏழைத் தாய் முடிந்துவைக்கும் ஒரு காசு, அவள் வறுமையிலும் அவளால் எடுத்தாளப்பெறுவதில்லை. அக்காசு அவள் சொல்லுக்குக் காவல். பலர் நடுவே பெருந்தொகை மொழிந்து, விழா முடிந்தபின் மறந்தார் ஒருவர் உளராயின், அவர் மொழிந்தது எண்ணால் மிகுந்ததாயினும் அத்தாயின் காசுக்கு நேராகாது.

உள்ளத்தின்கண் நிற்பது உண்மை, வாயின்கண் நிற்பது வாய்மை, மெய்யின்கண் நிற்பது மெய்ம்மை என்பர் சான்றோர். நினைத்தது சொல்லாகி, சொன்னது செயலானவிடத்தே இம்மூன்றும் ஒன்றாகும். கருங்கல்லும் சுதையும் கொண்டு எழுந்த கோபுரத்தின் அடியில், பலர் கொடுத்துக் காத்த சொற்களே கடைகாலாக நிற்கின்றன.

நன்னீராட்டுக் கண்ட இறைவன் திருமுன் நிற்போர், நாவிற் பிறக்கும் ஒவ்வொரு சொல்லையும் உரைகல்லில் இட்ட பொன்போல் மாற்றுக் குறையாது காத்தல் வேண்டும். அதுவே நாவாற் செய்யும் திருப்பணி. திருவருள் முன்னிற்பதாக!