இணையவழி வாங்கும் இயற்கை ஆடையும் நம் அறமும்

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

திசைகளையே ஆடையாகக் கொண்ட முனிவர்களை வணங்கும் நாம், விழா மேடையில் துணிமணியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் இல்லறத்தார் உடுத்தாமல் இருக்க இயலாது. உண்ணும் உணவில் கிழங்கு உண்டா, வடிகட்டிய நீரா என்று பார்க்கும் நம் வீடுகளில், கைப்பேசியில் வாங்கும் புடவையைப் பற்றி அத்தனை கேள்விகள் எழுவதில்லை. "இயற்கை இழை" என்று எழுதியிருந்தால் போதும் என எண்ணிவிடுகிறோம். அந்தச் சொல் உண்மைதானா என்பது ஒரு கேள்வி. உண்மையே ஆனாலும் அந்த இழை எவ்வாறு பெறப்பட்டது என்பது நமக்கே உரிய இன்னொரு கேள்வி.

காஞ்சிபுரத்தில் வாழ்வோர்க்கு இது புதிதன்று. பட்டின் பெயரால் உலகம் அறிந்த ஊர் இது. இதன் ஒரு பகுதியாகிய ஜினகாஞ்சியில், திரைலோக்கியநாதர் எழுந்தருளிய தலத்தின் பெயரோ திருப்பருத்திக்குன்றம். பட்டு நகரில் நம் கோயில் நிற்கும் ஊரின் பெயரில் பருத்தி இருப்பதை நான் நெடுநாளாக நினைத்து மகிழ்ந்ததுண்டு.

பட்டு எவ்வாறு கிடைக்கிறது என்பதை இளையோர்க்காகச் சொல்கிறேன். மல்பெரி இலை தின்று வளர்ந்த புழு, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் நீளமுள்ள ஒற்றை இழையைத் தன்னைச் சுற்றிக் கூடாகக் கட்டுகிறது. அந்துப்பூச்சியாகி அது வெளியேறினால் கூட்டில் துளை விழும், இழை அறுந்துபோகும். ஆகவே அது வெளிவருமுன் ஆவியிலோ வெப்பக் காற்றிலோ கூட்டுப்புழுவைக் கொன்று, கூட்டை வெந்நீரிலிட்டு நூல் எடுக்கிறார்கள். ஒரு காஞ்சிப் புடவைக்குப் பல ஆயிரம் கூடுகள் வேண்டும். நம் சமயத்தார் மட்டும் இதை எண்ணி வருந்தியவர் அல்லர். காஞ்சி சங்கர மடத்தின் மகா பெரியவரும் பட்டைத் தவிர்க்குமாறு தம் அன்பர்களுக்கு அறிவுறுத்தியவரே.

குடியரசுத் தலைவராக இருந்த ஆர். வெங்கட்ராமனின் துணைவியார் ஜானகி அம்மையார், புழுவைக் கொல்லாத பட்டுப் புடவை உண்டா என ஆந்திரக் கைத்தறிக் கூட்டுறவு விற்பனையகத்தில் வினவினார். அங்குப் பணியாற்றிய குசுமா ராஜையா அக்கேள்வியை விடாமல் பற்றிக்கொண்டு, பூச்சி வெளியேறிய பின் கூட்டை நூற்று நெய்யும் முறையை உருவாக்கினார். "அஹிம்சா பட்டு" என்ற பெயர் அவ்வாறுதான் பரவியது. அறுந்த இழைகளை நூற்பதால் வழக்கமான பட்டின் பளபளப்பு இதற்கு வாராது, விலையும் கூடுதல். மயில் தானாக உதிர்த்த பீலியையே நம் முனிவர்கள் கையில் ஏந்துகிறார்கள். உயிர் விட்டுச்சென்றதை எடுப்பது என்ற அந்நெறிக்கு இது நெருங்கி வருகிறது.

எனினும் பெயரை மட்டும் நம்பலாகாது. இணையக் கடைகளில் எரிப்பட்டு முழுவதையும் அஹிம்சா பட்டு என்று விற்கிறார்கள். எரிப்புழுவின் கூடு ஒருபுறம் திறந்திருப்பதால் கொல்லாமல் நூற்க முடியும் என்பது மெய். ஆனால் வடகிழக்கு மாநிலங்களில் அக்கூட்டுப்புழுவை உணவாகவும் கொள்கிறார்கள். எனவே, "பூச்சி வெளியேறிய பின் எடுத்த கூடா?" என்று விற்பவரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெறுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு கடை பாருங்கள்.

மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவுடன் 2004 முதல் வழங்கப்படும் சில்க் மார்க் முத்திரையையும் சிலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். துணி தூய பட்டு என்பதற்கே அது உறுதி. கொல்லாமை பற்றி அது எதுவும் சொல்வதில்லை. மற்றவர்க்கு நிம்மதி தரும் அம்முத்திரை, பட்டு விலக்கியவர்க்கு ஓர் எச்சரிக்கை!

பட்டு வேண்டா என்று பாலியெஸ்டருக்குப் போவதையும் நான் ஏற்கவில்லை. துவைக்குந்தோறும் அதிலிருந்து கழியும் நுண்ணிழைகள் நீர்நிலைகளைச் சேர்ந்து, அங்குள்ள சிற்றுயிர்களின் உடலில் புகுகின்றன. பருத்தியும் குற்றமற்றதன்று, பூச்சிமருந்து தெளித்து விளைவிப்பதே மிகுதி. இயற்கை வேளாண்மையில் விளைந்த பருத்தி கிடைக்குமாயின் அதுவே நம் முதல் தேர்வாகட்டும்.

இணையப் பக்கத்தில் காணும் சொற்களையும் கவனியுங்கள். "ஆர்ட் சில்க்" என்பதிலுள்ள ஆர்ட், கலையைக் குறிப்பதன்று. செயற்கை என்பதன் சுருக்கம். "காட்டன் பிளெண்ட்" என்றால் எத்தனை விழுக்காடு என்று கேளுங்கள். "காட்டன் சில்க்" என்பதில் மெய்யான பட்டும் இருக்கலாம், செயற்கை இழையும் இருக்கலாம். மூங்கில் துணி எனப்படுவது பெரும்பாலும் மூங்கில் கூழை வேதிப்பொருளில் கரைத்துச் செய்த விஸ்கோஸ். புடவை வந்ததும் முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை எடுத்து இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மென்சாம்பலாகும். பட்டு, முடி கருகும் நாற்றம் தரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். விஸ்கோஸும் பருத்தியைப் போலவே எரியும்; அவ்விரண்டையும் இச்சோதனை பிரித்துக் காட்டாது.

இனி, என்னிடம் பலர் கேட்கும் கேள்வி: "நாம் பட்டை விட்டால் நம் ஊர் நெசவாளி என்ன செய்வார்?" நியாயமான கேள்வி. ஆதிபகவன் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் கைத்தொழிலும் ஒன்று. நெசவைக் குறைவாக எண்ண நமக்கு உரிமையில்லை. ஆனால் நெசவாளியின் திறன் தறியில் இருக்கிறது, புழுவில் இல்லை. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் கோத்து நெய்யும் கோர்வை வேலையோடு காஞ்சிப் பருத்திச் சேலைகளும் உண்டு. பட்டுக்குக் கொடுக்கத் தயங்காத கூலியைப் பருத்திக்கும் கொடுக்க நாம் முன்வந்தால் அவர் தறி ஓடும். இருநூறு ரூபாய் குறைத்துக் கேட்டுப் பேரம் பேசிவிட்டு நெசவாளிக்காக வருந்துவது பொருந்தாது. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இன்று இணையத்திலும் விற்கிறது. பிற தளங்களில் வாங்குவோர், 2006 முதல் உள்ள கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம்.

ஏமாற்றப்பட்டால் அமைதியாக இருந்துவிட வேண்டா. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தரவேண்டும். இயலாவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விற்பனைப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். "தூய பருத்தி" என்ற சொல் பின்னர் அங்கிருந்து மறையக்கூடும்.

விரல் நுனியில் வாங்க முடிகிறது என்பதற்காக அலமாரி நிறைவதும் நம் மிகுபொருள் விரும்பாமை நோன்புக்கு ஒவ்வாது. ஆண்டுக்கு இத்தனை என்று அளவு வகுத்து அதை நோன்பாகவே ஏற்ற சாவகியர் நம்மிடையே உள்ளனர்.

வரும் தை மாதத்தில் திருமணம் வைத்திருப்போர் முகூர்த்தப் புடவையைப் பற்றி இப்போதே வீட்டில் பேசுங்கள். கொல்லாத பட்டோ கோர்வைப் பருத்தியோ, விரும்பிய நிறத்தில் நெய்து கிடைக்கச் சில மாதங்கள் ஆகும். பத்திரிகை அடித்த பிறகு தேடினால் கடையில் இருப்பதைத்தான் வாங்க நேரும்.