கனத்த கோலும் கடலின் ஆழமும்



புதுக்கோட்டை என்றவுடன் சித்தன்னவாசல் ஓவியமும் நார்த்தாமலைக் குன்றுகளும் நினைவுக்கு வருகிற நம்மில் பலருக்கு, அந்த மாவட்டத்துக்கு ஒரு கடற்கரையும் உண்டு என்பது சட்டென்று தோன்றுவதில்லை. அதில் வியப்பில்லை, தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம் கடலைத் தொடாத நாடு. 1974ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி புதிய மாவட்டம் அமைந்தபோது, தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்து சேர்ந்த பகுதியோடுதான் கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று நீளும் பாக் விரிகுடாக் கரை அதன் வசமாயிற்று. வலையும் தங்கூசி நரம்பும் ஆட்சி செய்யும் அந்தக் கரையில், கையில் சிறிது பணமும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் உள்ள இளைஞர் ஒருவர், பெரிய கடல் மீனை எதிர்கொள்ளத்தக்க கனமான ‘ஃப்ளை ராடு’ ஒன்றை வாங்க எண்ணினால் எதைப் பார்த்து வாங்குவது என்பதே இன்றைய பேச்சின் விஷயம்.

இந்த வகைத் தூண்டிலை அறியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. நாம் வழக்கமாகக் காணும் தூண்டிலில், நுனியில் கட்டிய ஈயத்தின் கனமே நரம்பைத் தூரத்துக்கு இழுத்துச் செல்கிறது. ஃப்ளை ராடிலோ, இரை என்பது முள்ளின்மேல் இறகையும் ஆட்டுமயிரையும் மினுங்கும் இழைகளையும் வைத்துக் கட்டிய பொய்யிரை. அதற்கு எடுத்து வீசத்தக்க கனமே கிடையாது. ஆகையால் கயிற்றையே தடிப்பாகவும் கனமாகவும் செய்து, கோலை முன்னும் பின்னும் வீசி அந்தக் கயிற்றைக் காற்றில் நீட்டி, இரையை அதன் பின்னே போகவிடுகிறார்கள். கோலுக்கு எண் இடுவதும் இந்தக் கயிற்றின் கனத்தை வைத்துத்தான். கயிற்றின் முதல் 30 அடி 210 கிரெயின், அதாவது ஏறக்குறைய பதின்மூன்றரை கிராம் இருந்தால் அது 8ஆம் எண். 280 கிரெயின் இருந்தால் 10. 380 கிரெயின், அதாவது இருபத்துநான்கரை கிராம் அளவு இருந்தால் 12. கடலின் பெருமீன்களுக்கென்று விற்கப்படுபவை பெரும்பாலும் 12ஆம் எண்ணும் அதற்கு மேற்பட்டவையுமே.

கோல் வாங்க வருகிறவர் கடையில் என்ன செய்கிறார்? கைப்பிடியைப் பற்றி இரண்டு முறை ஆட்டிப் பார்க்கிறார். நுனி துடிப்பதைக் கண்டு மகிழ்கிறார். இடம் கிடைத்தால் புல்தரையில் நின்று வீசியும் பார்க்கிறார். எழுபதடி தூரம் கயிறு நேராகப் பாய்ந்தால் கோல் உத்தமமானது என்று தீர்மானித்துவிடுகிறார். அந்தப் பரீட்சை கோலின் மேற்பாதியைப் பற்றி மட்டுமே சொல்லும். மீன் கவ்விய பின் வேலை செய்வது கைப்பிடிக்குச் சற்று மேலே உள்ள அடித்தண்டு. அதன் குணம் வீச்சில் தெரியாது.

அடித்தண்டின் வலிமையை அறிய நான் சிபாரிசு செய்வது மிக எளிய யுக்தி. ஒரு பிளாஸ்டிக் கேனில் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, அதன் பிடியில் நரம்பைக் கட்டித் தரையில் வைத்துவிட்டு, கோலின் அடிக்குமிழை வயிற்றில் ஊன்றி, மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். தோளும் மணிக்கட்டும் நடுங்கும். ஏதோ பத்துக் கிலோவைத் தூக்குகிறோம் என்றே கை சத்தியம் செய்யும். கேனில் இருப்பதோ இரண்டே கிலோ. இப்போது கோலைத் தாழ்த்தி, நுனியைக் கேனை நோக்கிச் சாய்த்துத் தூக்கினால், வளைவு நுனியிலிருந்து இறங்கி அடித்தண்டுக்கு வருவதையும், அதே கனம் முன்னைவிட எளிதில் எழும்புவதையும் காண்பீர்கள். கோலை நெட்டுக்குத்தாகப் பின்னால் சாய்த்துவிட்டாலோ, பாரம் முழுவதும் மெல்லிய நுனியில் ஏறுகிறது. விலையுயர்ந்த கோல்கள் முறிவது பெரும்பாலும் இந்த நிலையில்தான், அதிலும் மீன் படகின் அருகில் வந்த பிறகு, அதைப் பிறருக்குக் காட்டும் உற்சாகத்தில்.

இதிலிருந்தே நீளத்தைப் பற்றிய நியாயமும் விளங்கும். நீண்ட கோல் வீசுவதற்கு அனுகூலம்; ஆனால் இழுக்கும்போது கோல் ஒரு நெம்புகோல், நெம்புகோலின் நீண்ட பக்கம் மீனிடத்தில் இருக்கிறது. ஒன்பது அடிக் கோல் பொதுவான அளவாயிருக்க, மிகக் கனமான கோல்களைச் சிலர் எட்டு, எட்டரை அடியில் செய்வதற்குக் காரணம் இதுவே.

இவ்வளவும் எந்தக் கடலுக்கும் பொருந்தும். ஆனால் எந்தக் கோலை வாங்குவது என்ற கேள்விக்கு விடை, எந்தக் கடல் என்பதில் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தக் கடலின் ஆழத்தில் இருக்கிறது.

அந்தமான் தீவுகளின் பவளப்பாறை ஓரங்களில் ராட்சசப் பாரைக்கு இறகிரை வீசுகிறார்கள். 50 கிலோவையும் தாண்டி வளரக்கூடிய அந்த மீன், முள் குத்திய கணமே தலையைக் கீழே திருப்பிப் பாறைச் சரிவை நோக்கிப் பாயும். பவள விளிம்பில் நரம்பு ஒருமுறை உரசினால் அறுந்தது அறுந்ததுதான். அங்கே மீனை ஓடவிடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. நின்ற இடத்தில் நிறுத்தி மேலே தூக்க வேண்டும். 12ஆம் எண் கோலும், தடித்த அடித்தண்டும், கயிற்றைச் சுற்றிவைத்துப் பூட்டுப்போட்டது போல் இறுகும் ரீலும் அங்கே ஆடம்பரம் அல்ல, அவசியம்.

பாக் விரிகுடாவின் சராசரி ஆழமோ 9 மீட்டர், நம் மீனவர் கணக்கில் ஏறக்குறைய ஐந்து பாகம். ஆழமான இடமென்று அவர்கள் சொல்லும் இடத்திலும் ஏழு எட்டுப் பாகத்துக்கு மேல் காண்பது அரிது. இந்தக் கடலில் மீன் கவ்வினால் கீழே போவதற்கு இடமே இல்லை. ஆகவே அது பக்கவாட்டில் ஓடுகிறது. ஊளி அம்பு போல் ஒரு பாய்ச்சல் பாய்ந்து விரைவில் களைக்கும். கட்டா துள்ளித் துள்ளித் தண்ணீருக்கு மேல் எழும்பும். பாரை தன் அகன்ற விலாவைக் காட்டி வட்டமிட்டு இழுக்கும். கடல்விரால் ஓய்ந்ததுபோல் பாசாங்கு செய்து, படகின் அருகில் வந்தபின் மறுபடியும் ஓடும். இவற்றில் எதையும் தூக்க வேண்டியதில்லை. நரம்பு விட்டு, நரம்பு வாங்கி, பொறுத்திருந்தால் போதும். அந்த வேலையைச் செய்வது கோலைக்காட்டிலும் ரீல். கோல் அங்கே முடிச்சுகளைக் காக்கும் ஒரு வில்லாகவே பயன்படுகிறது.

இந்த உண்மையைக் கோட்டைப்பட்டினத்து நாட்டுப்படகுக்காரர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆள்காட்டி விரலில் சைக்கிள் டியூபை வெட்டிச் செருகிக்கொண்டு, வெறுங்கையில் தங்கூசி பிடிக்கிற ஒருவரைக் கவனித்துப் பாருங்கள். மீன் இழுத்தால் அவர் எதிர்த்து இழுப்பதில்லை. இரண்டு விரல்களுக்கிடையே நரம்பை வழுக்கவிட்டு, அந்த விரல்களின் அழுத்தத்தை மட்டும் கூட்டியும் குறைத்தும் பிடிக்கிறார். ஓட்டம் தளர்ந்த கணத்தில் கைக்குக் கை மாற்றி நரம்பை வாங்கி, படகின் அடியில் சுருள் சுருளாக, ஒன்றன்மேல் ஒன்று சிக்காதபடி போட்டுக்கொண்டே வருகிறார். மறுபடி மீன் ஓடினால் அந்தச் சுருள்கள் அடுக்கியது போலவே அவிழ்ந்து போகின்றன. ஆயிரக்கணக்கான ரூபாய் விலையுள்ள ரீலின் பிரேக் செய்யும் காரியத்தை, அவருடைய பெருவிரலும் ஆள்காட்டி விரலும் செய்துவிடுகின்றன. பிழைப்புக்காக மீன் பிடிப்பவருக்கு ஃப்ளை ராடினால் ஒரு லாபமும் கிடையாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இது பொழுதுபோக்கு, அதிலும் பிரயாசை மிகுந்த பொழுதுபோக்கு.

கோலின் பொருளைப் பற்றியும் சிறிது சொல்கிறேன். ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாண சிவில் சர்வீஸைச் சேர்ந்த எச். எஸ். தாமஸ், இந்தியத் தூண்டிற்கலையைப் பற்றி 1873இல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்ட நாட்களில், நல்ல கோல் என்றால் மூங்கிலும் மரமுந்தான். கல்கத்தாவிலிருந்து ஏற்றுமதியான நம் நாட்டு மூங்கிலைப் பிளந்து ஒட்டித்தான் அமெரிக்கக் கைவினைஞர்கள் தங்கள் ஆரம்பகாலக் கோல்களைச் செய்தார்கள். பின்னால் சீனத்து டோங்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கண்ணாடி இழையும், 1970களில் கார்பன் இழையும் வந்தன. இன்றைய கனத்த கோல்கள் ஏறக்குறைய அனைத்தும் கார்பனே. எடை குறைவு, விறைப்பு அதிகம். ஆனால் படகின் விளிம்பில் ஒருமுறை மோதி மெல்லிய கீறல் விழுந்தால், அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மற்றொரு நாள் பாரம் ஏறும்போது அந்த இடத்திலேயே வெடித்து முறியும். அடியும் மிதியும் சகஜமாகிய நாட்டுப்படகில், கனம் சற்று அதிகமானாலும், கண்ணாடி இழைக் கோலை நான் மட்டமாக மதிக்கமாட்டேன். இன்னொன்று: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் கோலைக் கீழே போட்டுவிட்டுக் கரையேறுவதே புத்தி.

கோல் முறிவதற்கு நரம்பும் காரணமாகலாம். 1939இல் தோன்றிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம், உலகச் சாதனைக்குரிய ஃப்ளைத் தூண்டிலில் குறிப்பிட்ட நரம்புப் பகுதி 10 கிலோ இழுவைக்கு மேற்பட்டதாயிருக்கக் கூடாது என்று விதித்திருக்கிறது. பலர் இதை மறந்து, அதைப்போல் நாலைந்து மடங்கு தாங்கும் நரம்பைக் கட்டிவிட்டுக் கோல் முறிந்துபோயிற்று என்று உற்பத்தியாளரை நோகிறார்கள். வரிசையில் எது முதலில் அறுபட வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பவர் நரம்பையே பலி கொடுப்பார். தீர்மானிக்காதவர் கோலைப் பலி கொடுக்கிறார்.

கோலோடு கடலுக்குப் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். மணமேல்குடிப் பக்கத்துக் கடல்தாழைத் திடல்கள், அதாவது கடற்புல் திடல்கள், ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் இடங்கள். தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளையொட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022இல் அதன் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஆவுளியாவோ ஆமையோ தலைகாட்டினால் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு விலகிவிடுவது கடமை.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இந்தக் கரையிலிருந்து தூண்டில் போடுகிறவருக்கு 12ஆம் எண் கோல் வீண் பெருமை. வாடைக்காற்றை எதிர்த்து வீசுவதற்கும் இங்குள்ள மீனுக்கும் ஒன்பதடி நீளமுள்ள 10ஆம் எண் கோல் தாராளம். நாள் முழுவதும் வீசினாலும் தோள் தாங்கும். மிச்சமாகும் பணத்தை ரீலில் போடுங்கள்: உப்பு நுழையாதபடி மூடிய பிரேக், தடித்த கயிற்றுக்குப் பின்னால் குறைந்தது 250 மீட்டர் பின்நரம்பு. கரைக்கு வந்ததும் இரண்டையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அந்தமானுக்குப் போகும் உத்தேசம் இருந்தால் மட்டும் 12ஐ வாங்கலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் தடைக்காலத்தில் கரையில் நிற்கும். மீனவர்களுக்குப் பேசவும் சற்று நேரம் இருக்கும். கோலுக்குப் பணம் கட்டுவதற்கு முன், ஜெகதாப்பட்டினத்தில் வலை பொத்திக்கொண்டிருக்கும் ஒருவரிடம் போய், நீங்கள் தூண்டில் போட நினைக்கும் இடத்தில் எத்தனை பாகம் தண்ணீர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.