தலைநகரங்களில் எழுதப்பட்ட கணக்கு



பேரரசுகள் வீழ்ந்து புதிய நாடுகள் தோன்றியதை வரலாற்றுப் பாடமாகப் படிக்கின்றோம். அதன் வடுவைக் காணப் பதுளையிலிருந்து பசறை வீதியில் சென்றாலே போதும். ஆங்கிலேயர் தென்னிந்தியாவிலிருந்து கொணர்ந்த தோட்டத் தொழிலாளரின் சந்ததியினருள் பெரும்பாலோரை, சுதந்திரம் கிடைத்த அதே 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. ஒரே லயத்தில் வாழ்ந்த உறவுகள் பிரிந்தன. எஞ்சியோருள் பலர் 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்தனர்.

இளைஞர்களே, உடன் பயிலும் தோட்டத்துப் பிள்ளையிடம் அவன் குடும்ப வரலாற்றைக் கேளுங்கள். பெற்றோர்களே, அண்டை வீட்டாரின் உரிமையைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கின்றோம். அவ்வுரிமை பறிபோகையில் மௌனம் காப்பது முஃமினுக்கு அழகன்று என்பதையும் சேர்த்தே கற்பியுங்கள்.