பந்தயத் திடலுக்கோ, காட்டுத் தடத்துக்கோ?

ஒரு பொருளை வாங்கப் புகுவோர் பெரும்பாலும் அதன் வலிமையைக் கேட்பர்; அவ்வலிமை எவ்விடத்தில் பயன்படல் வேண்டும் என்று கேட்போர் சிலரே. திருவள்ளுவர் வலியறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையவில்லை. அதனையடுத்துக் காலமறிதல், இடனறிதல் என இரண்டு அதிகாரங்களையும் வகுத்தார். அரசர்க்கென வகுத்த அவ்வொழுங்கு, அமெரிக்க மலைச்சாரல்களில் ஓடும் ஒரு சிறு மோட்டார் வண்டியைத் தேர்வதற்கும் நன்கு பொருந்துகின்றது.

ஏ.ரி.வி. என்னும் சுருக்கப் பெயரால் வழங்கும் வண்டியே அது. மோட்டார்ச் சைக்கிளைப் போல அதன்மேற் காலிட்டு அமர்ந்து, கைபிடியைத் திருப்பிச் செலுத்துவர். காற்றழுத்தம் குறைந்த பருத்த சில்லுகள் மணலிலும் சேற்றிலும் அதனைக் கொண்டு செல்லும். 1970ஆம் ஆண்டில் ஹொண்டா நிறுவனம் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்ட வண்டிக்கு மூன்று சில்லுகளே இருந்தன. 1982இல் சுசுக்கி நிறுவனம் நாற்சில்லு வண்டியைக் கொணர்ந்தது. மூன்று சில்லு வண்டிகள் எளிதிற் கவிழ்ந்து பலருக்கு ஊறு விளைத்தமையால், 1988இல் அமெரிக்க அரசுக்கும் உற்பத்தியாளர்க்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டின்படி அவற்றின் விற்பனை நின்றது. இதற்கிடையில், 1985ஆம் ஆண்டு முதலாகவே, பாரஞ் சுமத்தற்கன்றி விரைந்தோடுதற்கென அமைந்த நாற்சில்லு வண்டிகள் தோன்றிவிட்டன. விளையாட்டு வண்டிகள் எனப்படுவன இவையே.

இவ்விளையாட்டு வண்டிகளும் ஓரினமல்ல. மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தை நோக்கின் இது தெளிவாகும். அம்மாநிலத்தின் டேவிஸ் என்னும் ஊரில் 1975இல் தொடங்கிய நூறு மைல் மோட்டார்ச் சைக்கிட் பந்தயத்திலிருந்தே இன்றைய பெரும் நாடுகடந்த பந்தயத் தொடர் வளர்ந்தது. அத்தொடரில் நாற்சில்லு வண்டிகள் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் காட்டினூடே ஓடுகின்றன. அதே மாநிலத்தின் தென்பகுதியிலே, நிலக்கரிச் சுரங்கங்கள் நலிந்த மலைப்பிரதேசத்தில், ஹற்பீல்ட்–மக்கோய் என்னும் தடங்கள் 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டன. முற்காலத்திற் கொடும்பகை கொண்டிருந்த இரு குடும்பங்களின் பெயரை அவை தாங்கி நிற்கின்றன. அங்கே போட்டியில்லை, அனுமதிச்சீட்டும் தலைக்கவசமும் பெற்றோர் பல நூறு மைல் தூரம் தம் விருப்பம்போற் செல்லலாம். ஒரே மலைநாட்டில் வண்டியோட்டும் இருவருக்கு வெவ்வேறு நோக்கங்கள் இருப்பது இவ்வாறுதான்.

அம்மலைநாட்டு இளைஞன் ஒருவன், சில ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தைக் கொண்டு ஒரு வண்டி வாங்க எண்ணுகிறான் என்று கொள்வோம். இரண்டு வண்டி வாங்க அவனிடம் பணமில்லை. கடையிலே இரு யமஹா வண்டிகள் அவன் கண்முன் நிற்கின்றன. ஒன்று 2009இல் வெளிவந்த வை.எவ்.இசட். 450 ஆர்; மற்றொன்று 2006இல் வெளிவந்த றப்டர் 700.

முன்னையது பந்தயத்திற்கெனவே பிறந்தது. அதன் இயந்திரம் 449 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. மிக விரைந்து சுழலும்போதே தன் முழு வலிமையையும் காட்டும். அகலம் ஏறக்குறைய 49 அங்குலம். அகன்று நிற்பதனால் மேட்டிலிருந்து பாய்ந்து இறங்கும்போதும், வளைவில் விரையும்போதும் அது நிலைகுலையாது. அதிர்வுதாங்கிகளும் உயர்ந்த பாய்ச்சலைத் தாங்குமாறு இறுக்கமாக அமைந்தவை. ஆனால், பின்னோக்கிச் செல்லும் கியர் அதற்கு இல்லை. பந்தயத்திற் பின்வாங்குவார் யார்?

பின்னையதோ 686 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய ஒற்றைச் சிலிண்டர் இயந்திரத்தைக் கொண்டது. மெல்லச் சுழலும்போதே வலிமையாக இழுப்பதனால், செங்குத்தான மேட்டில் அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை. அகலம் ஏறக்குறைய 46 அங்குலம். பின்னோக்கிச் செல்லும் கியரும் உண்டு. வீழ்ந்த மரமொன்று ஒடுங்கிய தடத்தை மறிக்கும்போது அந்தக் கியரின் அருமை விளங்கும். அஃதில்லாத வண்டியை உடையவன் இறங்கி நின்று, 180 கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரத்தைச் சேற்றிலே கையாற் பின்னிழுத்தல் வேண்டும்.

மூன்று அங்குல வேறுபாடு அற்பமென்று தோன்றலாம். ஆயினும் நெருங்கிய இரு மரங்களுக்கிடையே புகும்போது அதுவே வழியும் தடையுமாகின்றது. அமெரிக்கத் தேசிய வனங்களிலே 50 அங்குலத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செல்லலாகாத தடங்கள் பல உள. அகலத்தைக் கூட்டிய பந்தய வண்டி அவ்வெல்லையை மீறின், அத்தடம் அதற்கு மூடிய கதவேயாம். 2010இல் யமஹா நிறுவனமே தன் பந்தய வண்டியின் அகலத்தைக் குறைத்து, வை.எவ்.இசட். 450 எக்ஸ் என வேறொன்றை வெளியிட்டது. ஒரே வண்டி இரண்டிடத்துக்கும் ஒருங்கே பொருந்தாது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

விலை குறைவென்று கருதிப் பழைய பந்தய வண்டியை வாங்குவோர் மேலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். பாரங் குறைப்பதற்காக முன்விளக்குகள் கழற்றப்பட்டிருக்கலாம். மலைக்காட்டில் இருட்டிவிட்டால் வீடு திரும்புவது எவ்வாறு? இயந்திரத்தில் அழுத்தம் கூட்டப்பட்டிருப்பின், பந்தயத்திற்குரிய உயர்ந்த பெற்றோல் வேண்டும். சிற்றூர்ப் பெற்றோல் நிலையங்களில் அது கிடைப்பதரிது. மேலும், கடுமையாக ஓடிய இயந்திரத்துக்கு எண்ணெய் மாற்றுதலும், வால்வுகளின் இடைவெளியைச் சோதித்தலும் அடிக்கடி செய்யவேண்டிய கடமைகளாம். வாங்கிய விலையோடு செலவு முடிந்துவிடாது.

மறுபுறத்தில், பந்தயத்தையே குறியாகக் கொண்டவன் தடவண்டியை வாங்கின் அவனும் ஏமாற்றமடைவான். பாய்ச்சல் மேடுகளில் அதன் மென்மை அவனுக்குப் பகையாகும். ஒடுக்கம் வளைவிலே அவனைச் சாய்க்கும். பின்னர் ஒவ்வோர் உறுப்பாக மாற்றிச் செலவிடும் பணம், முதலிலேயே பந்தய வண்டி வாங்கியிருந்தால் மிஞ்சியிருக்கும்.

இனி, வலியறிதல் என்பது வண்டியின் வலியை மட்டும் அறிதலன்று. செலுத்துவோன் தன் வலியையும் அறிதலாகும். இவ்வண்டிகளிற் பின்சில்லுகள் இரண்டும் ஒரே அச்சிற் பூட்டப்பட்டு ஒரே வேகத்திற் சுழல்வன. ஆதலால் வளைவிலே அவை தாமாக இணங்கித் திரும்பா. ஓட்டுபவன் தன் உடலை உட்பக்கம் சாய்த்துத் திருப்புதல் வேண்டும். இப்பயிற்சியில்லாதவன் கையிலே கூடிய வலிமை கூடிய ஆபத்தேயாகும். புதிதாகப் பழகுவோர் பலர், 1999இல் வெளிவந்த ஹொண்டாவின் 400 இ.எக்ஸ். வண்டியை விரும்பினர். 397 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும், காற்றாற் குளிரும் எளிய இயந்திரமும் உடையது அது. இப்போது புதிதாக வருவதில்லையெனினும் பழைய வண்டிச் சந்தையில் அதற்கு மதிப்பு உண்டு. சிறுவர் திறத்தில் இக்கருத்து இன்னும் கண்டிப்பானது. 90 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட வண்டிகள் 16 வயது நிரம்பாதோர்க்கு ஆகா என்பது அமெரிக்காவில் முன்னர் நெடுங்காலமாக வழங்கிவந்த அறிவுரை. மகன் விரைவில் வளர்ந்துவிடுவான் என்று பெரிய வண்டியை வாங்கிக் கொடுக்கும் தந்தை, சட்டை வாங்கும் கணக்கை உயிரோடு பொருத்திப் பார்க்கிறார்.

ஆகவே அவ்விளைஞன் கடைக்காரனை வினவுமுன் தன்னையே வினவுதல் நன்று. ஓராண்டில் எத்தனை நாள் பந்தயத் திடலில் நிற்பான்? எத்தனை நாள் நண்பரோடு மலையேறுவான்? மனத்தில் ஓடும் பந்தயங்களை நீக்கி, மெய்யாகவே ஓடப்போகும் நாட்களை மட்டும் எண்ணுதல் வேண்டும். பந்தய நாட்களே மிகுமாயின் அகன்ற வண்டியை வாங்கட்டும். வாங்கும்போதே மணிக்கட்டிற் கட்டிய கயிறு இழுபட்டவுடன் இயந்திரத்தை நிறுத்தும் ஆளியையும், பாதங்கள் சில்லிற் சிக்காது காக்கும் பக்கச் சட்டங்களையும் பொருத்திக்கொள்ளட்டும். தடத்திற் செல்லும் நாட்களே மிகுமாயின் ஒடுங்கியதும், மெல்ல இழுப்பதும், பின்செல்ல வல்லதுமாகிய வண்டியே அவனுக்குத் துணை. எதுவாயினும் தலைக்கவசம் இன்றியமையாதது. ஒருவர்க்கென அமைந்த வண்டியில் மற்றொருவரை ஏற்றுதலும் ஆகாது.

வேகம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பொருத்தம் வாங்குபவன் ஒருவனுக்கே தெரியும். அதனை அறிந்து தேர்பவன் பந்தயத்தில் வெல்வான் என்று உறுதி கூற இயலாவிடினும், மாலையில் வண்டியோடும் உடல்நலத்தோடும் வீடு திரும்புவான் என்று பெரும்பாலும் நம்பலாம்.