ஜிம்மி ஏன் லிப்டில் வருகிறான்?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு நண்பர், "உங்கள் நாய் ஏன் லிப்டில் வருகிறது, படியில் இறங்காதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்லப் பத்து நிமிடம் வேண்டும் என்றேன். செயலாளர் இன்று கொடுத்திருக்கிறார். நன்றி.

ஜிம்மி லாப்ரடார் இனம், ஏழு வயது. போன வருடம் ஆடி மாதத்தில், படுத்து எழுந்திருக்கும்போது தடுமாற ஆரம்பித்தான். படியில் முயல் மாதிரி இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து வைத்துத் தாவினான். எக்ஸ்ரே எடுத்தோம். மயக்க ஊசி போடவில்லை. இரண்டு பேர் அமுக்கிப் பிடித்தும் அவன் திமிறினான். "வலது இடுப்பு நன்றாக இருக்கிறது, இடதில் லேசான தளர்வு" என்றார்கள். நம்பினேன். ஐந்து மாதம் போய்விட்டது. இடுப்பில் சதை வற்றிவிட்டது.

இதில் என் தப்பும் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் முப்பது வருடம் எக்ஸ்ரே எடுத்தவன் நான். "அசையாதீங்க, நேரா படுங்க" என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் சொன்னவன், என் நாயின் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒழுங்காகப் பார்க்கவில்லை. வேறு இடத்தில் மயக்கம் கொடுத்து எடுத்தபோது இரண்டு மூட்டுகளுமே விலகியிருந்தன.

நாய் வளர்ப்பவர்கள் இதை ஞாபகத்தில் வையுங்கள். இடுப்புப் படத்துக்கு நாயை மல்லாக்கப் படுக்க வைத்து, பின்னங்கால்கள் இரண்டையும் ஒரே அளவில் நேராக நீட்டி, முழங்கால்களைச் சற்று உள்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். மயக்கம் இல்லாமல் பெரும்பாலான நாய்கள் இதற்கு ஒத்துழைக்காது. படத்தில் இடுப்பெலும்பின் இரு பக்கமும் இரண்டு ஓட்டைகள் தெரியும். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் நாய் நேராகப் படுத்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக இருந்தால் உடம்பு சாய்ந்திருக்கிறது. சாய்ந்த படத்தில் ஒரு மூட்டு உள்ளதைவிட நன்றாகவும், மற்றது மோசமாகவும் தெரியும். அப்படியானால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

படத்துக்கே இப்படி என்றால், மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு இன்னும் கவனம் தேவை. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற மருத்துவர் 1962ல் மனிதர்களுக்குச் செய்து காட்டிய முறைதான் அடிப்படை: தொடை எலும்புக்குள் உலோகத் தண்டு, அதன் தலையில் பந்து, இடுப்பில் கிண்ணம். நாய்க்கும் அதே அமைப்புதான், அளவு சிறியது.

நாயை ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். மாற்ற வேண்டிய கால் மேலே இருக்கும். இடுப்பின் மேல் பாதி, கீழ்ப் பாதிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். முன்னும் பின்னும் தாங்குகட்டைகள் வைத்து, உடம்பு படும் இடத்தில் மெத்தை கொடுத்து, அசையாமல் நிறுத்துவார்கள். அந்தக் காலை மட்டும் எல்லாப் பக்கமும் திருப்ப வசதியாக விட்டுவிடுவார்கள். ஏன் இவ்வளவு? துணி போர்த்திய பிறகு மருத்துவர் கண்ணுக்குத் தெரிவது சின்ன இடம்தான். கிண்ணத்தை சுமார் 45 டிகிரி சாய்வில் பொருத்த, மேஜையை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார். இடுப்பு பத்து டிகிரி சரிந்திருந்தால் கிண்ணமும் பத்து டிகிரி தப்பாக உட்காரும். ரசமட்டம் பார்க்காமல் வாஷ்பேசின் மாட்டினால் என்ன ஆகும்? அதே கதைதான். பந்து கிண்ணத்திலிருந்து நழுவிவிடும். அதனால் கத்தி வைக்கும் முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும்.

இந்த அறுவை சிகிச்சை எல்லா ஊரிலும் கிடையாது. ஆனால் மூட்டைச் சரியாகப் பரிசோதிக்க, திண்டிவனம், விழுப்புரம் இரண்டு ஊருக்கும் சுமார் 40 கிலோமீட்டரில் புதுச்சேரி குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை வேப்பேரியில் 1903ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஜிம்மிக்கு இப்போதைக்கு அறுவை சிகிச்சை தள்ளிப்போயிருக்கிறது. முதலில் எடையைக் குறைக்கச் சொன்னார்கள். 38 கிலோ இருந்தவன் இப்போது 32. மருத்துவர் எழுதிய வலி மாத்திரை மட்டும் கொடுக்கிறோம். தயவுசெய்து நம் வீட்டு மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள்; இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் அதற்கு விஷம். தூக்கும்போது வயிற்றுக்குக் கீழே துண்டு கொடுத்து இடுப்பைத் தாங்குகிறோம்.

சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள். இந்த வழவழ டைல்ஸில்தான் அவன் கால் விரிந்து விழுகிறான். லிப்ட் வாசலிலிருந்து எங்கள் வீடு வரை ரப்பர் மேட் போட அனுமதி வேண்டும், செலவு என்னுடையது. வயதானவர்களுக்கும் வழுக்காது. இரண்டாவது, படி அவனுக்கு ஆகாது, லிப்டில் வரட்டும். வளர்ப்பு நாய்க்கு லிப்டை மறுக்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியமே சொல்லியிருக்கிறது. ஆனால் சட்டம் பேச நான் வரவில்லை. யாராவது உள்ளே இருந்தால் அடுத்த முறைக்குக் காத்திருப்போம். முடி கொட்டினால் நானே துடைத்துவிடுகிறேன்.

கேள்வி கேட்ட நண்பருக்கு நன்றி. அவர் கேட்டிருக்காவிட்டால் நானும் சொல்லியிருக்க மாட்டேன்.